"நல்ல போர்டா பாத்துப் போடுங்க, பாய்!"

மேலப்பாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தறியும் பீடியும் கால்நடைச் சந்தையும்தான் நினைவுக்கு வரும். அதே தெருக்களில் இன்று கணினியை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். நிக்காஹ் வீடியோவை 4கே தரத்தில் எடிட் செய்பவர், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், ஃப்ளெக்ஸ் அடிப்பவர், வளைகுடா நிறுவனத்துக்குக் கட்டடங்களின் முப்பரிமாணப் படம் வரைந்து அனுப்பும் பொறியியல் பட்டதாரி என்று பலரைச் சொல்லலாம். விடிய விடிய கேம் ஆடும் கல்லூரி மாணவரும் இந்தப் பட்டியலில் உண்டு.

பழைய சிஸ்டம் இழுக்கத் தொடங்கியதும் இவர்கள் புதிதாக ஒன்றை அசெம்பிள் செய்யப் பார்ப்பார்கள். எந்த பிராசஸர், கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்பதெல்லாம் யூடியூபில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருக்கும். மதர்போர்டுக்கு வரும்போது மட்டும் பேச்சு ஒரே வரியில் முடிந்துவிடும்: "நல்ல போர்டா பாத்துப் போடுங்க, பாய்."

நல்ல போர்டு எது? சந்தையில் ஏழெட்டாயிரம் ரூபாய்க்கும் போர்டு இருக்கிறது, அரை லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. விலை கூடக் கூட வேகமும் கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. உண்மை வேறு. ஒரே பிராசஸர், ஒரே ரேம், ஒரே கிராபிக்ஸ் கார்டை நடுத்தர விலைப் போர்டு ஒன்றிலும் அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள போர்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினால், பெரும்பாலான வேலைகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. போர்டு தானாக வேகத்தைத் தருவதில்லை. மற்ற பாகங்களுக்குக் கொடுத்த காசு முழு வேகமாகக் கைக்கு வருமா, பாதியில் முடங்குமா என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. முடக்காத போர்டு போதும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வசதிக்கும் அழகுக்கும் கொடுக்கும் பணம்.

முதலில் சாக்கெட்

போர்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பிராசஸரை முடிவு செய்த கையோடு, அது போர்டில் உட்காரும் இடமான சாக்கெட்டும் முடிவாகிவிடும். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு 2022 செப்டம்பரில் அறிமுகமான ஏஎம்5.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்த சாக்கெட் எத்தனை வருஷம் ஓடும் என்பது. ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 இதற்கு நல்ல உதாரணம். 2017-இல் முதல் ரைசனுடன் போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும் என்றானது.

அந்தக் கதையிலும் ஒரு திருப்பம் இருந்தது. 2020-இல் அடுத்த ரைசன் தலைமுறை வரவிருந்த நேரத்தில், பி450 போன்ற பழைய போர்டுகளில் அது இயங்காது என்று ஏஎம்டி அறிவித்தது. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் சேமிக்கப்படும் சிப்பின் அளவு பல போர்டுகளில் 16 எம்பிதான், அத்தனை பிராசஸர்களின் விவரமும் அதில் அடங்காது என்பது சொல்லப்பட்ட காரணம். வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அதே வருஷம் மே மாதத்திலேயே ஏஎம்டி இறங்கிவந்து ஆதரவு தருவதாகச் சொன்னது. போர்டுப் பெட்டியில் பெரிதாக அச்சடிக்காத ஒரு சின்ன சிப், ஒரு சாக்கெட்டின் ஆயுளையே கேள்விக்குறியாக்கிவிட்டது.

200 ஆம்பியர் ஓடும் இடம்

உயர்திறன் கணினி என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரைச் சுற்றியிருக்கும் மின்பகுதி. கடைகளில் இதை விஆர்எம் என்பார்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் அனுப்புவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவையோ ஏறத்தாழ 1.2 வோல்ட். அந்த மாற்றத்தைச் செய்வது விஆர்எம். ரைசன் 9 9950எக்ஸ் முழு வேலையில் 200 வாட்டோ அதற்கு மேலோ இழுக்கலாம். கோர் ஐ9 14900கே 253 வாட். இவ்வளவு குறைந்த வோல்ட்டில் அந்த வாட்டைக் கொடுக்க 200 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் ஓட வேண்டும். அவ்வளவும் போர்டில் சின்னச் சின்னச் சில்லுகளும் சுருள்களும் வரிசையாக நிற்கும் ஒரு ஓரத்தின் வழியாகப் போகிறது.

அந்த ஓரம் சூடாகும். சூடு எல்லை மீறினால் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துத்தான் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். 2022-இல் விலை குறைந்த சில பி660 போர்டுகளில் ஐ9 பிராசஸரைப் பொருத்திச் சோதித்தவர்கள் இதைக் கண்ணாரக் கண்டார்கள். சாக்கெட் பொருந்தியது, கணினி ஆன் ஆனது, விண்டோஸும் ஓடியது. கனமான வேலை கொடுத்த சிறிது நேரத்தில் வேகம் மளமளவென இறங்கியது. பிராசஸருக்குக் கொட்டிய பணத்தின் ஒரு பகுதி அங்கேயே வீணானது.

திருநெல்வேலிக்காரர்கள் இதில் கூடுதலாக ஒரு கணக்குப் போட வேண்டும். போர்டு விமர்சனங்கள் பெரும்பாலும் ஏசி அறையில், 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் செய்யப்படுபவை. நெல்லையின் மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத மாடி அறையில் 35-க்குக் கீழே இறங்காது. சோதனையில் விஆர்எம் 85 டிகிரி காட்டிய போர்டு இங்கே சுமார் 95 டிகிரியில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் தப்பித்துவிடும் போர்டு மேலப்பாளையத்தில் திணறலாம்.

அதனால் விஆர்எம் மேல் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அதன் மேல் விளக்கு எரிகிறதா என்பது கடைசி வேலை. அடுத்தது, மின்சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஃபேஸ்களின் எண்ணிக்கை. 12+2+1 என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 65 வாட் வகை ரைசன் 5 அல்லது கோர் ஐ5 போடுபவருக்குச் சுமாரான விஆர்எம்மே தாராளம். ரைசன் 9, ஐ9 என்று போகிறவர்தான் இதில் கை சுருக்கக் கூடாது.

கப்பாசிட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் போர்டுகளில் வீங்கி வெடித்தன. தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் ஏற்பட்ட இந்தக் கோளாறுக்காக டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. பழைய கடைக்காரர்கள் வீங்கிய கப்பாசிட்டரைக் கழற்றிப் புதிதாகச் சால்டர் வைத்துக் கொடுத்த காலம் அது. அதன் பிறகு திட வகைக் கப்பாசிட்டர்கள் வழக்கத்துக்கு வந்தன. இன்றைய நல்ல போர்டுகளில் அந்தப் பயம் இல்லை.

ஸ்லாட் இருக்கிறது, பாதை இருக்கிறதா?

தாமிரபரணியில் பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய், மேலப்பாளையத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கால்வாயில் எத்தனை மடை வைத்தாலும் தலைப்பில் திறந்துவிடும் தண்ணீரைத்தான் கடைமடை வரை பங்கிட வேண்டும். போர்டில் இருக்கும் ஸ்லாட்டுகளின் கதையும் இதுதான்.

பிராசஸரிலிருந்து கிளம்பும் பாதைகளுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் என்று பெயர். ஏஎம்5 ரைசனில் பயன்பாட்டுக்குக் கிடைப்பவை 24. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு 4, மீதி 4 இரண்டாவது எஸ்எஸ்டிக்கோ யுஎஸ்பி4-க்கோ போகும். இவை தவிர இன்னொரு நான்கு லேன், போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட்டுக்குச் செல்கிறது. மூன்றாவது எம்.2, சாட்டா ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் அந்த நான்கு லேனைத்தான் பங்குபோட வேண்டும். விநாடிக்குச் சுமார் 8 ஜிபி அதன் எல்லை.

சாதாரண 4கே எடிட்டிங்குக்கு இதுவே அதிகம். ஆகவே சிப்செட் ஸ்லாட் என்றதும் பயப்படத் தேவையில்லை. வேலை நடக்கும் வீடியோ கோப்புகளைப் பிராசஸரோடு நேரடியாக இணைந்த எம்.2-விலும், முடிந்த கல்யாணங்களைச் சிப்செட் வழி எம்.2-விலோ சாட்டா ஹார்ட் டிஸ்கிலோ வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் பெட்டியில் சொல்லாத நிபந்தனைகளில் இருக்கிறது. குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும் போர்டுகள் உண்டு. நீளத்தில் 16 லேன் ஸ்லாட் போலத் தெரியும் இரண்டாவது ஸ்லாட்டில் உண்மையில் 4 லேன்தான் ஓடும் போர்டுகள் ஏராளம். விலை உயர்ந்தவையும் விதிவிலக்கல்ல. 2024-இல் வந்த எக்ஸ்870, எக்ஸ்870இ போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம். அது பிராசஸரின் நான்கு லேனை எடுத்துக்கொள்கிறது. அதன் விளைவாகச் சில எக்ஸ்870இ போர்டுகளில் இரண்டாவது எம்.2-வைப் பயன்படுத்தினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் 8 ஆகக் குறையும். அரை லட்சம் கொடுத்தவருக்கும் இது பொருந்தும்.

பழைய போர்டில் புதுக் கார்டு போடுகிறவர்களுக்கு 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒரு பாடம். விலை குறைந்த அந்தக் கார்டுக்கு ஏஎம்டி கொடுத்தது நான்கே லேன், நினைவகமும் 4 ஜிபிதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது ஓரளவு சமாளித்தது. 3.0 மட்டுமே உள்ள பி450 போன்ற போர்டில் அதே கார்டு பல கேம்களில் படுத்துவிட்டது. விலை குறைந்த கார்டு வாங்குபவரிடம்தான் பழைய போர்டும் இருக்கும். அடி விழுந்ததும் அவருக்கே.

ரேம்: நான்கைவிட இரண்டு மேல்

போர்டில் நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால் நான்கையும் நிரப்பத் தோன்றும். டிடிஆர்5 காலத்தில் அது வேகத்தைக் குறைக்கும் வழி. ரைசன் 9000 வரிசையில் இரண்டு ரேம் போட்டால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 5600. நான்கு போட்டால் 3600. 64 ஜிபி வேண்டுமானால் நான்கு 16 ஜிபி வாங்குவதைவிட இரண்டு 32 ஜிபி வாங்குவதே புத்திசாலித்தனம். அவற்றைப் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும் என்று பெரும்பாலான போர்டுகளின் கையேடு சொல்லும்.

6000 வேக ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு, அது 4800-இல் ஓடுவதே தெரியாமல் வருஷக்கணக்கில் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஒரு முறை இயக்க வேண்டும்; அவ்வளவுதான். இன்டெலில் இதற்கும் போர்டு ஒத்துழைக்க வேண்டும். எச்610 போர்டு ரேம் வேகத்தை உயர்த்த விடாது, பி760 விடும். பிராசஸரையே ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட நினைப்பவருக்கு இசட்790 போன்ற இசட் வரிசைப் போர்டு வேண்டும். ஓவர்கிளாக் பக்கமே போகாதவர் இசட் வரிசைக்குக் கூடுதல் காசு கொடுக்கக் காரணம் குறைவு.

ஏஎம்5-இல் இன்னொன்று. புதிதாக அசெம்பிள் செய்து முதல் முறை ஆன் செய்யும்போது, ரேமைப் பழக்கப்படுத்த போர்டு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு போய்விட்டதோ என்று பதறி ஸ்விட்சை அணைக்காமல் காத்திருக்க வேண்டும்.

பயாஸ் பார்த்துக்கொள்ளும் நிறுவனமா?

போர்டு வாங்குவது ஒரு நாள் வேலையோடு முடிவதில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் பல வருஷங்களுக்கு பயாஸ் அப்டேட் கொடுக்க வேண்டும். சமீபத்திய இரண்டு சம்பவங்கள் இதை உறைக்கச் செய்தன.

2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, சாக்கெட்டோடு கருகின. பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போர்டுகள் கொடுத்த வோல்டேஜ் அதிகமாக இருந்ததே சிக்கல் என்று தெரிந்து, அதை 1.3 வோல்டுக்கு மேல் போகவிடாமல் புதிய பயாஸ் வழியாக ஏஎம்டி கட்டுப்படுத்தியது. அடுத்த வருஷம் இன்டெலின் முறை. 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் காரணம் தெரியாமல் கிராஷ் ஆயின. அதிக வோல்டேஜ்தான் அவற்றைத் தேய்க்கிறது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது; பாதிக்கப்பட்ட வரிசைகளுக்கு இரண்டு வருஷம் கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அந்தத் திருத்தங்களால் சரிசெய்ய முடியாது. இரண்டு சம்பவங்களிலும் மருந்து வந்தது பயாஸ் வழியாகத்தான். அப்டேட் கொடுக்காத நிறுவனத்தின் போர்டு வைத்திருந்தவருக்கு அந்த மருந்தும் கிடைத்திருக்காது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீன எக்ஸ்99 போர்டுகளின் பிரச்சினையும் இதுவே. சர்வர்களிலிருந்து கழற்றிய 14 கோர் ஜியான் இ5-2680 வி4 பிராசஸருடன் சேர்த்து, எடிட்டிங்குக்கு ஏற்ற செட் என்று விற்கிறார்கள். அந்தப் பிராசஸர் 2016-இல் வந்தது. போர்டின் சிப்செட் பல நேரங்களில் பழைய போர்டிலிருந்து எடுத்துப் பொருத்தியது. பயாஸ் அப்டேட் கிடைப்பது அரிது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர் பட்டியலில் இது இல்லை. தொழிலை நம்பியிருப்பவர் இதில் இறங்கக் கூடாது.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்ற சிறு பட்டன் பின்பக்கம் இருந்தால் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். பிராசஸரே இல்லாமல் ஒரு பென் டிரைவை வைத்து பயாஸை மாற்ற அது உதவும். 2022-இல் தயாரித்த பி650 போர்டு கடை அலமாரியில் இருந்து, 2024-இல் வந்த ரைசன் 9000-ஐ அதில் பொருத்தினால், பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது. பட்டன் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் பழைய பிராசஸர் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். அப்டேட் ஓடும் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

எங்கே, எப்படி வாங்குவது?

இன்று உலகச் சந்தையில் போர்டு என்றால் பெரும்பாலும் நான்கு தைவான் நிறுவனங்கள்தான்: ஏசஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக். ஒருகாலத்தில் பேர்பெற்ற ஏபிட் 2008-உடன் களத்தைவிட்டுப் போனது. டெஸ்க்டாப் போர்டு தயாரிப்பிலிருந்து விலகுவதாக இன்டெலே 2013-இல் அறிவித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸும் தன் பெயரில் குறைந்த விலைப் போர்டுகளை விற்றிருக்கிறது. அவை பில் போடும் கணினிக்கும் அலுவலகத்துக்கும் பொருந்துபவை.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கி வருகிறவர்கள் உண்டு. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். விலை எங்கே குறைந்தாலும் 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட முறையான பில்லும், அதில் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகளுக்கு மூன்று வருஷ வாரண்டி உண்டு. பில் இல்லாமல் சேமித்த சில நூறு ரூபாய் அந்த மூன்று வருஷத்தையும் தின்றுவிடும். உள்ளூர்க் கடையில் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும், போர்டு மக்கர் செய்தால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். இன்டெலிலும் ஏஎம்5-இலும் நுண்ணிய பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ஏஎம்5-இல் மட்டும் 1,718. ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி மறுக்கப்படலாம். கடையிலேயே பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆன்லைன் பார்சல் என்றால் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, யாருக்கு எது? கேம் ஆடும் மாணவர் ரைசன் 5 அல்லது ரைசன் 7-க்கு ஹீட்சிங்க் உள்ள பி650 அல்லது பி850 போர்டை எடுத்துக்கொண்டு, மிச்சப்படும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம். கல்யாண வீடியோ எடிட்டர், மூன்று எம்.2 ஸ்லாட்டும் தேவையான சாட்டா போர்ட்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் நடுத்தரப் போர்டைத் தேட வேண்டும். இரவு முழுக்க ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கும் முப்பரிமாணக் கலைஞர் ரைசன் 9 போடுவதாக இருந்தால், விஆர்எம்முக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம். கடைக்குப் போகுமுன், தேர்ந்தெடுத்த போர்டின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பதிவிறக்கி மூன்று பக்கங்களை மட்டும் படித்துவிடுங்கள்: ஸ்லாட்டுகள் பாதையைப் பகிரும் பட்டியல், ரேம் பொருத்தும் படம், ஆதரிக்கும் பிராசஸர்களும் அவற்றுக்குத் தேவையான பயாஸ் எண்ணும் உள்ள அட்டவணை. அதன் பிறகு கடைக்காரரிடம் போர்டின் பெயரையே சொல்லிக் கேட்கலாம்.